பாடநூலின் படிக்கப்படாத பட்டியல்

பத்தாம் வகுப்புத் தமிழ் விடைத்தாளில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ எழுதப்படும் விதம் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் அளவுகோல் வைத்து ஒரு கட்டம் போட வேண்டும், அதற்குள் குறிப்புச்சட்டம். பிறகு முன்னுரை. அடுத்து, அன்னமய்யாவின் பெயருக்கும் செயலுக்கும் உள்ள பொருத்தம் பற்றி அடிக்கோடிட்ட உட்தலைப்புகள். கடைசியில் முடிவுரை. கரிசல் காட்டில் பசியோடு தள்ளாடி வந்த ஒரு வழிப்போக்கனை, வேலைக்கு நடுவே கஞ்சி குடிக்க உட்கார்ந்தவர்களிடம் அழைத்துப்போகிறான் அன்னமய்யா. முன்பின் தெரியாதவனுக்கும் பங்கு கிடைக்கிறது. கதை அவ்வளவுதான். அந்தப் பசியும் கஞ்சியும் கரிசல் பேச்சும் உட்தலைப்புகளுக்குள் அடைபட்டு, ஒரே வாசகங்களில் ஆயிரக்கணக்கான தாள்களில் திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன. எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தனியாக உட்கார்ந்து படித்திருப்பார்கள்?

குறை பாடநூலில் இல்லை. 2018-19 கல்வியாண்டில் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் எல்லா வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. நவீன இலக்கியத்துக்குத் தமிழ்ப் பாடநூலில் அப்போது கிடைத்த இடம், அதற்கு முன் பல பத்தாண்டுகள் கேட்டும் கிடைக்காதது. ஒன்பதாம் வகுப்பில் கந்தர்வனின் ‘தண்ணீர்’, தி. ஜானகிராமனின் ‘செய்தி’. பத்தாம் வகுப்பில் கி.ரா.வோடு கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’. பதினொன்றாம் வகுப்பில் ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’. பன்னிரண்டாம் வகுப்பில் பூமணியின் ‘உரிமைத்தாகம்’. ஒரு காலத்தில் சிற்றிதழ்களைத் தேடிப்பிடித்துப் படித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த பெயர்கள் இவை. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். 1991இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ஒரு நாவலின் பகுதி, வேறு புத்தகமே இல்லாத வீடுகளுக்குள்ளும் போகிறது. அந்தப் பாடநூல்களை உருவாக்கியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

புத்தகம் வீட்டுக்குள் போய்விட்டது. அது திறக்கப்படாமல் தடுப்பது தேர்வு. காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் ஒன்று, திருப்புதல் இரண்டு என்று ஆண்டு முழுக்கத் தேர்வின் நிழலிலேயே ஓடுகிறது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். அவரிடம் போய், கதையை ரசித்து ரசித்து நடத்துங்கள் என்று சொல்வது நியாயமல்ல. வகுப்பில் ஒருமுறை வாசிக்கச் சொல்வார், வினாவைக் குறிக்கச் சொல்வார், விடையைச் சொல்லி எழுதவைப்பார். மெல்லக் கற்போருக்கான கையேட்டில் கதை இன்னும் சுருங்கிப் பத்துப் பன்னிரண்டு வரி ஆகிவிடும். தேர்ச்சிக்கு அது போதும் என்பதும் உண்மை. வீட்டில் முதன்முதலாகப் பள்ளி இறுதி வரை வந்த பிள்ளைக்கு அந்தத் தேர்ச்சி எவ்வளவு பெரியது என்று தெரிந்த எவரும் அந்தக் கையேட்டை ஏளனம் செய்ய மாட்டார்கள்.

‘யானை டாக்டர்’ கதையை நினைத்துத்தான் எனக்கு அதிகம் வருத்தம். வி. கிருஷ்ணமூர்த்தி என்ற கால்நடை மருத்துவரின் வாழ்க்கையிலிருந்து எழுந்த கதை அது. 2011இல் வெளியான பிறகு நண்பருக்கு நண்பர் கைமாற்றிப் படித்தார்கள். அதைப் படித்துவிட்டுக் காட்டில் பாட்டில் பொறுக்கப் போனவர்கள் உண்டு. குடித்துவிட்டு உடைத்து வீசிய பீர் பாட்டிலின் சில்லு யானையின் காலில் ஏறி, புழு வைத்து, அந்த மாபெரும் உயிர் நாள்கணக்கில் நின்று சாகும் என்று சொல்லும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோகாமல் இருக்க முடியாது. பதினாறு வயதில் அதைப் படிக்கிற பிள்ளை வாழ்நாள் முழுக்க ஒரு பாட்டிலைச் சாலையோரம் வீசமாட்டான். அதே கதை, ‘கருப்பொருளும் சுவையும் குன்றாமல் சுருக்கி எழுதுக’ என்ற பழகிப்போன கட்டளையின் கீழ் வரும்போது, சுருக்கம் மட்டுமே நடக்கிறது. பிள்ளைக்கு நினைவில் நிற்பது புழுவோ யானையோ அல்ல, உட்தலைப்புகளின் வரிசை.

அப்படியானால் கேள்வியை மாற்றினால் போதாதா, திறந்த வினாவாகக் கேட்டால் பிள்ளைகள் சொந்தமாக எழுத மாட்டார்களா என்று கேட்கலாம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே அப்படி ஒரு பயிற்சி இருக்கிறது: பள்ளி ஆண்டு மலருக்காக, நூலகத்தில் நீங்கள் படித்த ஒரு நூலுக்கு மதிப்புரை எழுதுங்கள் என்பது. இதைவிடச் சுதந்திரமான வினா என்ன இருக்க முடியும்? எந்த நூலானாலும் சரி, பிள்ளை எடுத்துப் படித்தால் போதும். என்ன நடந்தது? நூலின் தலைப்பு, மையப்பொருள், மொழிநடை, வெளிப்படுத்தும் கருத்து என்று வரிசையாகக் குறிப்புகள் கொடுக்கப்பட்டதால், அவற்றை நிரப்பிய தயார் மதிப்புரைகள் வழிகாட்டி நூல்களில் அச்சாகிவிட்டன. கண்ணால் பார்த்தே இராத ஒரு புத்தகத்தின் மொழிநடை எளிமையாகவும் இனிமையாகவும் இருப்பதாகப் பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுகிறார்கள். மதிப்பெண் என்று வந்துவிட்டால் எவ்வளவு திறந்த கேள்வியும் மூடிக்கொள்கிறது. வாசிப்பைத் தேர்வுக்கு உள்ளே வைத்துக் காப்பாற்ற முடியாது என்ற முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது இந்த மதிப்புரைதான்.

இன்றைய பிள்ளைகள் படிப்பதே இல்லை என்று பேசுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ எந்தப் பொதுத்தேர்விலும் முழுசாகக் கேட்கப்படுவதில்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வந்த தொடர், ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் அடித்துக் குவிக்கின்றன. 2022இலும் 2023இலும் படம் இரண்டு பாகமாக வந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் அந்தப் புத்தகங்களைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அலைந்ததைப் புத்தகக் காட்சிகளில் எவரும் பார்த்திருக்கலாம். வந்தியத்தேவன் அடுத்து எங்கே மாட்டிக்கொள்வான் என்று தெரிந்துகொள்ளவே அவர்கள் பக்கத்தைப் புரட்டினார்கள். எவரும் கேள்வி கேட்கவில்லை. செல்பேசியில் ‘பிரதிலிபி’ போன்ற செயலிகளில் இரவெல்லாம் தொடர்கதை படிக்கும் கல்லூரிப் பெண்களும் வாசகர்களே. ரமணிசந்திரனை வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்த அம்மாக்களின் மகள்கள் அவர்கள். அந்தக் கதைகளில் பலவற்றின் ஆண்-பெண் உறவு எனக்கு ஒவ்வாது. கோபத்தையும் அதட்டலையும் காதல் என்று பழக்குகின்றன அவை. ஆனாலும் ஒரு கதை முடிந்ததும் அடுத்ததைத் தேடும் பழக்கம் அங்கே உயிரோடு இருக்கிறது. அதைப் பள்ளி உண்டாக்கவில்லை.

வறண்டுபோனது எட்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையிலான நிலம். ‘அம்புலிமாமா’ 1947இல் தொடங்கி மூன்று தலைமுறையை வளர்த்துவிட்டு நின்றுபோனது. ‘பூந்தளிர்’, ‘ரத்னபாலா’, ‘கோகுலம்’, ‘சுட்டி விகடன்’ எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தன. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் இன்றும் வருகிறது. ஆனால் அன்று காசு சேர்த்து வாங்கிய சிறுவர்களே இன்று நரைத்த தலையோடு அதன் வாசகர்கள். விலையும் ஒரு பள்ளிச் சிறுவன் கைக்காசில் எட்டுவதாக இல்லை. சிறார் எழுத்தாளர்கள் இல்லை என்பதில்லை. உதயசங்கர், யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன் என்று அண்மை ஆண்டுகளில் பால சாகித்ய புரஸ்கார் பெற்றவர்களின் புத்தகங்கள் அருமையானவை. அவை எங்கே கிடைக்கும் என்பது ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

தனியார் ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளையின் நிலை வேறு. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை அவனும் தமிழ் படிக்கிறான். ஆனால் மகிழ்ச்சிக்காக எடுப்பது ‘விம்பி கிட்’, ‘ஹாரி பாட்டர்’, ஜப்பானிய மாங்கா. அதில் தவறில்லை. ஓர் ஆண்டில் அவன் தொடும் ஒரே தமிழ்ப் புத்தகம் பாடநூலாக இருப்பதுதான் கவலை. தமிழ் என்றால் மதிப்பெண் என்று அவன் மனத்தில் ஒட்டிக்கொண்டால், பதினாறு வயதில் மதிப்பெண் முடிந்த அன்றே தமிழும் முடிந்துவிடுகிறது.

நூலகத்தைப் பற்றி நமக்குப் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் கொண்டுபோனார் கனகசபைப் பிள்ளை. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் அதே ஆண்டில்தான் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவருடைய முயற்சியால் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். வீட்டுவரியோடு நாம் நூலக வரியும் செலுத்துகிறோம். 2010இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன. இத்தனைக்கும் பிறகு, பல பள்ளிகளில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் பூட்டிய ஒரு பீரோ. சாவி கூடுதல் பொறுப்பாக ஓர் ஆசிரியரிடம் இருக்கும். அவர் திறந்துவிடாததற்கு ஒரு காரணம் உண்டு: புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறிய அரசுச் சொத்து. தணிக்கையில் ஒன்று குறைந்தால் பதில் சொல்லவும் பணம் கட்டவும் வேண்டியது தானே என்ற பயம். பிள்ளையின் பையில் மழையில் நனைந்த புத்தகம், தங்கை கிழித்த புத்தகம், மாறிப்போன வாடகை வீட்டில் தொலைந்த புத்தகம் எல்லாம் அந்தப் பயத்தின் கணக்கில் ஏறுகின்றன. பூட்டிவைத்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும்.

மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் இந்த இடத்தில் நம்மைவிட நிதானமாக யோசித்திருக்கின்றன. ஓர் ஆண்டில் வாசகர் கைக்குப் போன ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைந்தால், அதில் மோசடியோ அலட்சியமோ இல்லாதவரை, அது இயல்பான இழப்பு என்று அந்த விதி ஏற்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்து போதாது, ஐம்பது வேண்டும் என்பேன்.

பள்ளிக் கல்வித் துறை செய்திருக்கும் ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். ‘வாசிப்பு இயக்கம்’ என்ற பெயரில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் மெல்லிய, படம் போட்ட கதைப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்குப் போயின. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும் ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்தேன் என்று சொல்ல முடியும். அவை கேள்வி-பதிலுக்காக எழுதப்பட்டவை அல்ல. கொரோனாக் காலத்தில் பள்ளிக் கதவு மூடிக்கிடந்து எழுத்தையே மறந்துபோன பிள்ளைகளுக்கு அது பெரிய கைத்தாங்கல். ஆனால் பத்தாம் வகுப்பை எட்டியதும் எல்லாம் நின்றுவிடுகிறது. கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று எழுதியிருக்கும். அதைக் கணக்கோ அறிவியலோ எடுத்துக்கொள்ளும். குளம் நிரம்பியும் மடை திறக்காத வயல் போலப் பத்தாம் வகுப்பு.

அந்த மடை பாடநூலுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு இயலின் முடிவிலும் ‘அறிவை விரிவு செய்’ என்று ஒரு சிறு பகுதி உண்டு. அதில் இரண்டு மூன்று புத்தகங்களின் பெயர்கள் மட்டும் இருக்கும். உதயசங்கரின் ‘பச்சை நிழல்’, எஸ். ராமகிருஷ்ணனின் ‘உலகின் மிகச்சிறிய தவளை’, ச. முகமது அலியின் ‘அதோ அந்தப் பறவை போல’ என்று நல்ல தேர்வுகள். அதிலிருந்து தேர்வில் எதுவும் கேட்பதில்லை என்பதால் ஆசிரியர் அதை நடத்துவதில்லை, பிள்ளை அதைப் பார்ப்பதுமில்லை. புத்தகமும் பள்ளியில் கிடையாது.

அந்தப் பட்டியலிலுள்ள புத்தகங்களை மாநிலத்தின் ஒவ்வொரு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கும், வகுப்புக்குப் பத்துப் பிரதி என்ற கணக்கில், அரசே வாங்கி அனுப்ப வேண்டும். பாடநூலையே இலவசமாகக் கொடுக்கும் அரசுக்கு இது தாங்க முடியாத செலவல்ல. சிறார் இலக்கியப் பதிப்பகங்களும் பிழைக்கும். அவற்றைப் பீரோவில் வைக்காமல் வகுப்பறைச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிடலாம். வாரத்துக்கு ஒரு பாடவேளையில் ஆசிரியரும் பிள்ளைகளும் ஆளுக்கொன்றை எடுத்துச் சும்மா படிக்கட்டும். சுருக்கம், மதிப்புரை, பதிவேட்டில் கையெழுத்து, வாசகர் விருது எதுவும் வேண்டாம். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கும் உரிமை பிள்ளைக்கு இருக்கட்டும். தொலைந்தவற்றை ஆண்டு முடிவில் தலைமையாசிரியரே கையெழுத்திட்டுக் கழித்துவிடலாம் என்று ஓர் அரசாணையும் உடன் வர வேண்டும். அந்த ஆணை இல்லாமல் புத்தகங்களை மட்டும் அனுப்பினால் அவையும் பீரோவுக்குள் போய்விடும்.