நன்றி கூறுதலும் கணக்கு ஒப்புவித்தலும்

தாய்நாட்டைவிட்டு அயல்நாடு சென்று ஒரு வருஷத்து ஊழியத்தை நிறைவேற்றிய மிஷனெரிமார், தங்களைப் பொருளாலும் ஜெபத்தாலும் தாங்கிய சபையாருக்கு ஆண்டிறுதியில் நன்றி மடல் வரைவது நெடுநாளைய வழக்கம். அம்மடல் ஆலயத்தில் வாசிக்கப்படும், பத்திரிகையில் அச்சிடப்படும், கேட்டோர் மனமகிழ்ந்து மறுவருஷத்துக்கும் காணிக்கையளிக்க முன்வருவர். இவ்வழக்கம் நல்லதே. எனினும், அத்தகைய மடல் எதன்பொருட்டு எழுதப்படுகிறது, அதில் அடங்கவேண்டுவன யாவை என்பனபற்றி நம் கல்லூரி நேயர்கள் சிறிது சிந்தித்தல் தகும் என எண்ணுகிறோம். நம் மாணாக்கருட் சிலர் இவ்வூழியத்திற்குச் செல்லக்கூடும். பலர் அதனைத் தாங்குவோராய் இருக்கக்கூடும். நாம் அனைவருமோ, முற்காலத்தில் அயல்நாட்டார் தம் நாட்டுக்கு எழுதிய மடல்களில் யாரைக்குறித்து எழுதினரோ, அம்மக்களின் வழித்தோன்றல்கள். ஆதலின் இப்பொருளைப்பற்றிப் பேச நமக்கு உரிமையுண்டு.

நன்றி மடல் புகழுரையுமன்று; பொருள்வேண்டும் விண்ணப்பமுமன்று. அது கணக்கு ஒப்புவித்தல். கொடுத்தவர் ஒருபுறம், சென்றவர் ஒருபுறம் என அதற்கு இருதிறத்தார் உளர் என்பதே பொதுவான எண்ணம். மூன்றாந்திறத்தாரும் உளர், சென்றவர் யாரிடத்துச் சென்றாரோ அவர்களே. அவர்களை மறந்து எழுதப்படும் மடல் எத்துணை இனிய சொற்களால் ஆக்கப்பட்டிருப்பினும் குறையுடையதே என்பது நம் கருத்து.

திருச்சபையின் மிகப் பழைய நன்றி மடல்களுள் ஒன்று அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபையாருக்கு எழுதிய நிருபம். அவர் காவலில் இருந்த காலத்தில் அச்சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் உதவி அனுப்பினர். பவுலோ நிருபத்தின் தொடக்கத்திலேயே காணிக்கையைப்பற்றிப் பேசவில்லை. இறுதி அதிகாரத்திலேயே அதனைக் குறிப்பிடுகின்றார். அங்கும், தாழ்விலும் வாழ்விலும் மனரம்மியமாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகவும், தாம் நாடுவது ஈகையையன்று, ஈந்தோருக்கு அதனால் பெருகும் பலனையே என்றும் உரைக்கின்றார். உதவி கொணர்ந்தவர் மரணத்துக்குச் சமீபமாக நோயுற்ற செய்தியை மறையாது கூறி, அவரையே திரும்ப அனுப்பிவைக்கின்றார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலோ, எருசலேமின் ஏழைகளுக்கென்று திரட்டப்பட்ட தருமப்பணத்தைத் தாம் தனியே கொண்டுசெல்லாது, சபைகளால் நியமிக்கப்பட்டவரையும் உடன்கொண்டு செல்வதன் காரணத்தை விளக்குகின்றார். ஒருவரும் குற்றஞ்சாட்ட இடமிராதபடி செய்வதே அக்காரணம். அன்பும் கணக்கும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பது இதனால் விளங்கும்.

பிற்காலத்து உதாரணம் ஒன்று நோக்குவோம். 1792-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 2-ஆம் தேதி, இங்கிலாந்தில் கெட்டரிங் என்னும் ஊரில் போதகர் சிலர் ஒரு வீட்டிற் கூடிப் பாப்டிஸ்டு மிஷன் சங்கத்தை ஸ்தாபித்தனர். அன்று அவர்கள் கொடுப்பதாக வாக்களித்த மொத்தத் தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அச்சிறு தொகையிலிருந்தே வில்லியம் கேரி வங்காளம் செல்லும் முயற்சி தொடங்கிற்று. சங்கத்தின் காரியதரிசியாயிருந்த ஆண்ட்ரூ புல்லர் அவ்வேளையை, ஒருவரும் இறங்கியிராத ஆழ்ந்த சுரங்கத்தில் ஒருவர் இறங்க, மற்றோர் மேலே நின்று கயிற்றைப் பிடித்திருக்க உடன்பட்டதற்கு ஒப்பிட்டார். இறங்குபவர் கண்டதைக் கண்டபடி மேலே உரைத்தாலன்றிக் கயிறு பிடிப்போர் எங்ஙனம் அறிந்து உதவுவர்?

1812-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி சீராம்பூர் அச்சுக்கூடம் தீக்கிரையாயிற்று. காகிதமும் அச்செழுத்துக்களும், கேரி பல்லாண்டு உழைத்துச் சேர்த்த அகராதிக் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. நட்டம் ஏறக்குறைய 10,000 பவுன் என மதிக்கப்பட்டது. அச்செய்தி இங்கிலாந்து சேர்ந்தபின் இரண்டு மாதத்துக்குள் அத்தொகை முற்றுஞ் சேர்ந்துவிட்டது. இனி அனுப்பவேண்டா என்று புல்லர் தடுக்க வேண்டியதாயிற்று. இதில் நாம் கற்கத்தக்கன இரண்டு. ஒன்று, நட்டத்தை நட்டமென்றே எழுதியது உபகாரிகளின் மனத்தை அகற்றவில்லை, நெருங்கச்செய்தது. மற்றொன்று, போதும் என்ற சொல்லும் நன்றி மடலில் இடம்பெறத்தக்க சொல். தேவை தீர்ந்தபின்னும் தேவையைப் பாடிக்கொண்டிருப்பவன் கொடுத்தவரை மதித்தவனாகான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். டென்மார்க்கு மன்னர் அவர்களை அனுப்பினார். ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பிராங்கே முதலியோரும், லண்டனிலிருந்த கிறிஸ்து மார்க்க அறிவு விளக்கச் சங்கத்தாரும் தாங்கினர். லண்டன் சங்கத்தார் அனுப்பிய அச்சியந்திரம் சென்ற கப்பல், 1711-இல் பிரேசில் தேசத்து ரியோ துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டது. பணம் பறிபோயிற்று, அச்சியந்திரம் மாத்திரம் தப்பியது, உடன்வந்த அச்சுத்தொழிலாளி வழியிலேயே மாண்டார். இத்தனை இடர்களைக் கடந்து வந்த உதவியினாலேயே, 1715-ஆம் வருஷத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. தரங்கம்பாடியிலிருந்து எழுதப்பட்ட கடிதங்கள் 1710 முதல் ஹாலேயில் தொடர்ந்து அச்சிடப்பட்டு, ஐரோப்பாவெங்கும் உபகாரிகளுக்கு வாசிக்கக் கிடைத்தன.

சீகன்பால்கு தம் நாட்டார் கேட்க விரும்பியதை மாத்திரம் எழுதியவரல்லர். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708-இல் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தனுப்பினார். தமிழ் மக்கள் கல்வியும் நீதியும் அற்றவர் என்று ஐரோப்பியர் கொண்டிருந்த எண்ணம் பிழையென்று எடுத்துரைத்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளி என்னும் நூலை 1713-இல் எழுதி முடித்தார். ஹாலேயார் அந்நூலை அச்சிடாது ஒதுக்கிவிட்டனர். ஜெர்மான் என்பவர் சென்னையில் அதனை அச்சிட்டது 1867-இல். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக அது வெளிவராது கிடந்தது. சென்றவர் உண்மையை எழுதினார். அனுப்பியவர் கேட்க ஆயத்தமாயிருக்கவில்லை. ஆதலின் நன்றி மடலின் உண்மைக்குப் பொறுப்பு எழுதுவோரிடத்து மாத்திரமன்று, வாசிப்போரிடத்தும் உண்டு. தாம் எதிர்பாராத செய்தியையும் பொறுமையோடு கேட்கும் உபகாரிகளே உண்மையான மடலைப் பெறுவர்.

யாழ்ப்பாணத்து வரலாறோ இன்னும் நுண்ணியதொரு கேள்வியை எழுப்புகின்றது. 1802-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பெண்மணிகள், வாரம் ஒரு சதம் சேர்த்து வேதப்புத்தகங்களுக்கும் மிஷன் ஊழியத்துக்கும் உதவுவதென ஒரு முறையை ஏற்படுத்தினர். அதுபோன்ற எளியோரின் சிறு காசுகளாலும் தாங்கப்பட்ட அமெரிக்க மிஷனார் 1816-இல் யாழ்ப்பாணம் சேர்ந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினர். பிள்ளைகளின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்களை அப்பிள்ளைகளுக்கே இடுவது அக்காலத்து வழக்கம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்னும் பெயர்கள் இதற்குச் சான்று. கொடுத்தவர் அன்பினாலேயே கொடுத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தாய் தந்தையர் இட்ட பெயரின் முன்னே வேறொருவர் பெயரைச் சூட்டி, நன்றிக்கடனை ஒரு சிறுவன் ஆயுட்காலமெல்லாம் தன் பெயரிலேயே சுமக்கும்படி செய்தல் தகுமோ? தகாது என்றே நாம் கருதுகிறோம். அந்த உபகாரத்தின் மெய்யான பலன் சூட்டிய பெயரில் இல்லை. சதாசிவம்பிள்ளை 1886-இல் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகத்தில் தமிழ்ப் புலவர் பலரின் வரலாறுகள் தொகுக்கப்பட்டன. ஈந்தவர் எவரும் எதிர்நோக்கியிராத கனி அது. அவ்வீகையைக்குறித்துச் சொல்லத்தக்க சிறந்த கணக்கும் அதுவே.

உபகாரிகளின் இரக்கத்தைத் தூண்டாவிடில் பணம் சேராதே. மக்களின் இருளையும் இழிவையும் சற்று மிகுத்துக் கூறினால் என்ன குற்றம் என்று கேட்போர் உண்டு. குற்றம் பெரிது. இரக்கத்தினால் மாத்திரம் ஈபவர், தம்மிலும் தாழ்ந்தவருக்கு ஈவதாகவே எண்ணுவர். அவ்வெண்ணம் வேரூன்றியபின் பெற்றவர் எத்துணை உயர்ந்தாலும் சமமாக நோக்கப்படார். இக்காலத்திலோ ஒரு குழந்தையின் கண்ணீர் வழியும் முகம் நொடிப்பொழுதில் நிழற்படமாய்க் கடல்கடந்து செல்கின்றது. அக்குழந்தையின் தாய் அதற்கு உடன்பட்டனளா என்று கேட்பார் அரியர். வறுமையை மறைக்கவேண்டுமென்று நாம் கூறவில்லை. வறுமையோடு அம்மக்களின் உழைப்பையும் அறிவையும், விருந்தோம்பலையும் சேர்த்து எழுதவேண்டும் என்கிறோம். அயல்நாடு சென்றவருக்கு முதல்நாள் உணவிட்டவர் யார்? மொழி கற்பித்தவர் யார்? நோயுற்றபோது இரவெல்லாம் விழித்திருந்தவர் யார்? அவர்களும் உபகாரிகளே. பணம் அனுப்பியவருக்கு நன்றி கூறும் மடலில் அவர்களுக்கு ஒரு வரியேனும் இல்லாதது நன்றியின் பாதியை மறந்ததாகும்.

பெற்ற நன்மைக்குச் சிறந்த நன்றி பிறருக்கு ஈதல். இதனை நம் முன்னோர் செய்து காட்டினர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே பொருள் சேர்த்து, கடலுக்கு இப்பாலுள்ள தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பினர். 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற வே. ச. அசரியா அவர்களின் ஊக்கத்தைக் கண்டு உள்ளம் எழுச்சியுற்றார். மறுவருஷமே, 1903-இல், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணம், இந்தியர் ஊழியம், இந்தியர் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. நைஜாம் இராஜ்யத்துத் தோர்ணக்கல், மொழியாலும் ஆட்சியாலும் அக்காலத்துத் திருநெல்வேலியாருக்கு அயல்நாடே. உலைவைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்திற் படைக்கும் தமிழ்ப் பெண்களின் வழக்கத்தை அறிந்தோர், மிஷன் ஊழியத்தின் மூலதனம் யாது என்பதை அறிவர்.

அந்த அசரியாவே 1910-இல் எடின்பரோ நகரத்தில் ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டில் பேசினார். மேல்நாட்டு மிஷனெரிமாரின் தியாகத்துக்கு இந்தியத் திருச்சபை நன்றியறிதலோடு இருக்கும் என்பதை முதலில் ஒப்புக்கொண்டார். அதன்பின், அன்பும் நட்பும் வேண்டுமென்று கேட்டார். கேட்டோருட் சிலர் முகஞ்சுளித்தனர். எனினும் நன்றியையும் உண்மையையும் ஒரே மூச்சிற் கூறிய அப்பேச்சு இன்றும் நினைக்கப்படுகிறது. 1912-இல் தோர்ணக்கலின் அத்தியட்சராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரான அவர், 1945-இல் மரிக்கும்வரை தெலுங்கு மக்களிடையே உழைத்தார்.

ஆகவே, அயல்நாட்டில் ஒரு வருஷ ஊழியத்தை முடித்து நன்றி மடல் எழுத அமர்வோருக்கு நாம் கூறுவது இதுவே. கொடுத்தவர்க்கு நன்றி கூறுங்கள். ஒரு காசு கொடுத்தவரையும் ஆயிரம் கொடுத்தவரையும் ஒப்ப மதியுங்கள். வரவையும் செலவையும் ஒளியாது வையுங்கள், கைகூடாததையும் எழுதுங்கள். தேவையில்லாதபோது போதும் என்று சொல்லுங்கள். மடலை முத்திரையிடுமுன், நீங்கள் யாரைக்குறித்து எழுதினீர்களோ அவர்களுடைய மொழியில், அவர்கள் முன்னிலையில், அதனை உரக்க வாசித்துக் காட்ட உங்களால் இயலுமா என்று உங்களையே வினவுங்கள். இயலுமாயின் தயங்காது அனுப்புங்கள். இயலாதாயின், அவ்வரிகளை அழித்து மீண்டும் எழுதுங்கள். அவர்கள் நாணாது கேட்கத்தக்க மடலே, கொடுத்தவரையும் நாணச்செய்யாத மடல்.