பிரியறதுக்கு ஏழு மடங்கு வரியா?

கோவிலம்பாக்கத்துல 200 அடி ரேடியல் ரோட்டுப் பக்கம் ப்ளாட் வாங்குற ஜோடிங்க எல்லாரும் கல்யாணம் ஆனவங்கன்னு நினைச்சா, உங்க வெள்ளை மனசுக்கு ஒரு கும்பிடு :-) ரெண்டு சம்பளம், ரெண்டு பேர் பேர்லயும் பத்திரம், ரெண்டு பேர் தலையிலயும் லோன். தாலி மட்டும் இல்லை. நாளைக்குப் பிரிஞ்சா வீடு என்னாகும்?

ரெண்டு பெட்ரூம் ப்ளாட்டுல நடுவுல கோடு போட்டா கிச்சன் யாருக்கு? இந்தச் சிக்கலுக்குத்தான் 1893ஆம் வருஷ பாகப்பிரிவினைச் சட்டம். பிரிக்க வசதிப்படாத சொத்தை வித்துப் பணத்தைப் பங்கு போட கோர்ட் உத்தரவு போடலாம். யாருக்கு எவ்வளவு? வேற ஒப்பந்தம் இல்லேன்னா, 1882ஆம் வருஷ சொத்துரிமை மாற்றச் சட்டம் 45வது பிரிவுப்படி அவங்கவங்க போட்ட பணத்துக்கு ஏத்த பங்கு. கணக்கு காட்ட முடியலேன்னா சரிபாதி. இதுவரைக்கும் சட்டம் நியாயமாத்தான் பேசுது.

கோர்ட்டே வேண்டாம், ஒருத்தர் பங்குக்கான பணத்தைக் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கலாம்னு முடிவு பண்ணினா? அங்கதான் இருக்கு வேட்டு!

வீடு 60 லட்சம், விட்டுக்கொடுக்குற பாதி 30 லட்சம்னு வைங்க. தமிழ்நாட்டுல குடும்பத்துக்குள்ள விடுதலைப் பத்திரம்னா முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு 40,000 ரூபாய். ஆக 30,000 ரூபாயோட முடிஞ்சது. குடும்பம் இல்லேன்னா 7 சதவீதம், உச்சவரம்பும் கிடையாது. 2,10,000 ரூபாய்! பதிவுக் கட்டணம் தனி. வாங்கும்போதே முழு வீட்டுக்கும் தீர்வை கட்டியாச்சு. புதுசா எவனும் உள்ள வரலை, ஒருத்தர் வெளிய போறார், அவ்வளவுதான். இதுக்கு எதுக்குங்க விற்பனை ரேட்டு?

இத்தனைக்கும் 2005ஆம் வருஷ குடும்ப வன்முறைச் சட்டம் 'திருமணத் தன்மையுள்ள உறவை' ஏத்துக்குது. அந்த உறவுல இருக்குற பெண்ணுக்குச் சேர்ந்து வாழ்ந்த வீட்டுல குடியிருக்கிற உரிமை உண்டு. எதெல்லாம் அப்படிப்பட்ட உறவுன்னு 2010ல, கோயமுத்தூர்லேருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்குல உச்ச நீதிமன்றமே நிபந்தனை வகுத்துச் சொல்லியிருக்கு. அடி விழுந்தா குடும்பம், பத்திரம் எழுதினா அந்நியரா?

"கலாச்சாரம் கெட்டுடும்"னு சொல்றவங்களுக்கு: முத்திரைத் தீர்வை ஒழுக்கத்துக்கான அபராதம் இல்லை, வரி. "சலுகை கொடுத்தா ரியல் எஸ்டேட்காரன் விற்பனையையே விடுதலைன்னு எழுதுவான்"ங்கறது மட்டும்தான் நியாயமான பயம். அதுக்கும் வழி இருக்கு. முதல் கிரயப் பத்திரத்துலயே ரெண்டு பேர் பேரும் இருக்கணும், குறைஞ்சது மூணு வருஷம் ஆகியிருக்கணும், ஒரே ஒரு குடியிருப்புக்குத்தான் சலுகைன்னு விதி போடுங்க. நேத்து வந்த ப்ரோக்கர் இதுல எப்படி நுழைவான்?

அதுவரைக்கும் சேர்ந்து வீடு வாங்கறவங்க, யார் எவ்வளவு போட்டோம், பிரிஞ்சா யார் யாருக்கு என்ன விலையில கொடுக்கறதுன்னு முதல்லயே எழுதிக் கையெழுத்து போட்டு வைங்க. ஈ.எம்.ஐ. போன பேங்க் ஸ்டேட்மெண்டையும் பத்திரமா வைங்க. காதல் மேல நம்பிக்கை இருக்கலாம், தப்பில்லை. சார்பதிவாளர் ஆபீஸ்ல அதுக்குத் தள்ளுபடி கிடையாது.