காருக்கும் கை வைத்தியம்

தையல் மெஷினுக்கு எண்ணெய் போடத் தெரியும், மிக்ஸி பிளேடைக் கழற்றி மாட்டத் தெரியும். கார் பானட் என்றால் மட்டும் நமக்கு ஏனோ ஒரு பயம். மாருதி 800 வைத்திருக்கும் சகோதரிகளுக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. 1983 டிசம்பரில் வந்த இந்தக் குட்டிக் கார், 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற பிறகும் எங்கள் திருவண்ணாமலைத் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்றே சிலிண்டர், 796 சி.சி. பானட்டைத் தூக்கினால் முக்கியமானதெல்லாம் கைக்கு எட்டும்.

ராத்திரி ஒரு மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் ஏறி, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருகினால் 'டக் டக்' என்கிறது. பாட்டரி செத்துப்போச்சு என்று எல்லோரும் சொல்வார்கள். பல சமயம் அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்புதான் காரணம்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே சுத்தம் செய்துவிடலாம். முதலில் வளையல், மோதிரம், சங்கிலியைக் கழற்றி வையுங்கள். பாட்டரி முனையில் தங்கம் உரசினால் நொடியில் பழுத்துச் சுட்டுவிடும். என்ஜினை அணைத்து, மைனஸ் ஒயரை முதலில், பிளஸ்ஸை அடுத்துக் கழற்றுங்கள். ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பாட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடா உள்ளே போகக் கூடாது. துடைத்துக் காயவிட்டு பிளஸ்ஸை முதலில், மைனஸைக் கடைசியில் மாட்டி, மேலே வாசலைன் தடவுங்கள். ஆசிட் சமாசாரம், ரப்பர் கையுறை அவசியம்.

எண்ணெய் பார்ப்பது இன்னும் சுலபம். காலையில், வண்டி சமதரையில் நிற்கும்போது குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்தால் சரி. கறுப்பாக இருந்தால் பதற வேண்டாம். பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

எங்கள் ஊரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு சோதனை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனங்கள். ஊருக்குள் வரும் கார்கள் முதல் கியரிலேயே ஊர்ந்து சூடேறும். முள் சிவப்புக்குப் போனால் ஓரங்கட்டி அணைத்துவிட்டு, அரைமணியாவது ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. கொதிக்கிற பிரஷர் குக்கரைத் திறப்பீர்களா? அதே கதைதான்.

அதில் ஊற்ற நம்மூர் போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். கூலண்ட்தான் நல்லது. ஆனால் தாய்மார்களே, ஒரு விஷயம்! பெரும்பாலான கூலண்ட்டில் உள்ள எதிலீன் கிளைக்கால் இனிக்கும், கலரும் சர்பத் மாதிரி இருக்கும்; கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சத்தை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வாங்கிய டப்பாவிலேயே மூடி, பூட்டி வையுங்கள். கீழே சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்; நாய், பூனையும் நக்கும்.

பிரேக்கையும் டைமிங் பெல்ட்டையும் மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம். பிரேக் ஆயில் டப்பாவில் மட்டும் வாரம் ஒருமுறை கண் இருக்கட்டும். அளவு மளமளவென்று இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அன்றைக்குப் பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஆட்டோவில் அனுப்புங்கள்.