பாக்கி நின்ற ஓர் எழுத்து

அழுகையிலும் நாம் ஜாதி வைத்திருக்கிறோம். பெருங்கவி ஒருவர் காலமானால் தேம்பி அழலாம். அது உயர்ந்த ரசனைக்கு அடையாளம். தத்துவ ஞானி ஒருவர் போய்விட்டால் கண்ணை மூடிக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருக்கலாம். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால், மர்ம நாவல் எழுதுகிற ஒருவர் இறந்துபோய், அவருடைய வாசகர்கள் கண் கலங்கிவிட்டால் போதும், நம் அறிவாளிகளுக்குச் சிரிப்புத் தாங்குவதில்லை. "ரயிலில் படித்துவிட்டுப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு இறங்குகிற புத்தகத்துக்கா இந்த ஒப்பாரி?" என்று கேட்கிறார்கள்.

கேட்கட்டும். எனக்கு அந்த ஒப்பாரியின் மேல் மரியாதை உண்டு. அது ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஒப்பாரி வைக்கிறவர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதையும் இந்த இடத்திலேயே போட்டு முடித்துவிடுவது நல்லது.

அமெரிக்கக் கதாசிரியை ஸூ கிராப்டன் 2017 டிசம்பர் 28-ந் தேதி, கலிபோர்னியாவில் உள்ள ஸாண்டா பார்பராவில் காலமானார். வயது 77. புற்றுநோய். ஔவைப் பாட்டி ஆத்திசூடியை எழுத்து வரிசையில் கோத்தாள் அல்லவா? இந்த அம்மாள் ஆங்கில நெடுங்கணக்கைக் கொலைக் கதைகளால் கோக்கப் புறப்பட்டவர். 1982-ல் 'ஏ இஸ் ஃபார் அலிபை' என்று தொடங்கினார். பி, ஸி, டி என்று ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து, 2017 ஆகஸ்டில் 'ஒய் இஸ் ஃபார் எஸ்டர்டே' வரை வந்து சேர்ந்தார். 35 ஆண்டுகள், 25 நாவல்கள். இருபத்தாறாவது நாவலுக்குப் பெயர் மட்டும் தயாராக இருந்தது: 'இஸட் இஸ் ஃபார் ஸீரோ'. எழுதத் தொடங்குவதற்குள் காலன் வந்துவிட்டான். அவருடைய மகள் வாசகர்களுக்குச் செய்தி சொன்னபோது, தங்கள் குடும்பத்தைப் பொறுத்த மட்டில் நெடுங்கணக்கு இனி ஒய் எழுத்தோடு முடிந்தது என்று தெரிவித்துவிட்டார்.

வாசகர்கள் அழுதார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள்.

சிரித்தவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "கொலைகாரன் யார் என்று தெரியாமல் போயிற்றே என்று அழுகிறார்களாக்கும்!" என்பது அவர்களுடைய கேலி. அந்த நாவல்களில் ஒன்றைக்கூட அவர்கள் புரட்டிப் பார்த்ததில்லை என்பதற்கு இந்தக் கேலி ஒன்றே போதும். இருபத்தைந்தில் எந்த நாவலும் பாதியில் நிற்கவில்லை. ஒவ்வொன்றிலும் குற்றம் உண்டு, விசாரணை உண்டு, முடிவும் உண்டு. விடை தெரியாமல் தவிக்க வேண்டுமென்றால் அதற்கு சார்லஸ் டிக்கன்ஸிடம் போக வேண்டும். 12 பகுதிகளாகத் திட்டமிட்ட 'எட்வின் ட்ரூட்' நாவலில் 6 பகுதிகளை எழுதிவிட்டு 1870 ஜூன் 9-ந் தேதி அவர் கண்ணை மூடினார். ட்ரூட் என்ன ஆனான் என்று இன்று வரை இலக்கியப் பேராசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. டிக்கன்ஸ் உயர்ந்த ஜாதி அல்லவா?

முடிச்சு எதுவும் மிச்சமில்லை என்றால், கிராப்டனின் வாசகர்கள் எதை இழந்துவிட்டு அழுதார்கள்? ஒரு துணையை இழந்தார்கள்.

கின்ஸி மில்ஹோன் என்பது அந்தத் துப்பறியும் பெண்ணின் பெயர். ஐந்து வயதில் கார் விபத்தில் தாய் தகப்பனைப் பறிகொடுத்து, சித்தி ஒருத்தியிடம் வளர்ந்தவள். ஒரு காலத்தில் கார் நிறுத்துகிற கொட்டகையாக இருந்த இடத்தில் குடியிருக்கிறாள். வீட்டுக்காரர் எண்பது வயதைக் கடந்த கிழவர். ரொட்டிக் கடையில் உழைத்து ஓய்வு பெற்றவர். குறுக்கெழுத்துப் போட்டி தயாரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. கின்ஸி தலைமயிரைத் தானே நகம் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்வாள். விசேஷங்களுக்கென்று அவளிடம் இருப்பது ஒரே ஒரு கறுப்பு உடை. விசாரித்த விவரங்களைச் சின்னச் சின்ன அட்டைகளில் குறித்து, மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பாள். அறிக்கையைத் தட்டச்சு இயந்திரத்தில் அடிப்பாள். கைத்தொலைபேசி கிடையாது, ஏனென்றால் கதை முழுவதும் 1980-களிலேயே நடக்கிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் நாவலில் அவளுக்கு வயது 32. இருபத்தைந்தாவது நாவலில் 39. கதைக்குள் ஏழு ஆண்டுகள்தான் ஓடியிருக்கின்றன. வெளியே 35 ஆண்டுகள் ஓடிவிட்டன. அவளைவிட இளையவளாக, கல்லூரி மாணவியாக முதல் புத்தகத்தை எடுத்தவள், கடைசிப் புத்தகத்தை எடுத்தபோது பேரன் பேத்தி எடுத்திருப்பாள். நடுவில் கல்யாணம், பிரசவம், வேலை, வீட்டுக் கடன், தாயாரின் மரணம் எல்லாம் வந்து போயிருக்கும். 2007-ல் ஒன்று, 2009-ல் ஒன்று, 2011, 2013, 2015, 2017 என்று கடைசிப் பத்தாண்டில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கின்ஸி தவறாமல் வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். எத்தனை உறவினர்கள் நம் வீட்டுக்கு இவ்வளவு ஒழுங்காக வந்து போகிறார்கள்? அந்தக் காலடி ஓசை இனிக் கேட்காது என்று தெரிந்தால் அழாமல் என்ன செய்வார்கள்?

இன்னொன்றும் உண்டு. மர்ம நாவலின் வாசகன் உழைக்கிறவன். கவிதைக்குத் தலையாட்டலாம்; தத்துவத்துக்குப் புரிந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளலாம். மர்ம நாவலில் அந்த வித்தை பலிக்காது. யார் எத்தனை மணிக்கு அறையை விட்டு வெளியே போனார்கள், மருந்துக் குப்பி யார் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றையும் நினைவு வைத்திருக்க வேண்டும். கதாசிரியர் தடயத்தைக் கண் முன்னே வைத்துவிட்டுக் கவனத்தை வேறு பக்கம் திருப்புவார். வாசகன் ஏமாறாமல் இருக்கப் பார்ப்பான். இரண்டு பேரும் ஒரே பலகையில் ஆடுகிற ஆட்டம் இது. முதல் நாவலிலேயே ஒருவரைக் கொல்ல கிராப்டன் எடுத்த விஷம் எது தெரியுமா? நமக்கு நன்றாகப் பழக்கமான அரளி! அதை மாத்திரைக் கூட்டுக்குள் வைத்திருந்தார். விவாகரத்துத் தகராறின்போது கணவரைக் கொல்ல வழி யோசித்து, ஜெயிலுக்குப் போவதைவிட நாவல் எழுதுவது மேல் என்று எழுதிவிட்டதாக அவரே வேடிக்கையாகச் சொல்லுவார். இப்படிப்பட்ட ஆட்டக்காரர் நடுவில் எழுந்து போய்விட்டால், எதிரே உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் அந்த வெறுமை தெரியும். வேடிக்கை பார்க்காதவனுக்குக்கூட அது தெரியாது.

சிரிக்கிறவர்களுக்கு ஒரு செய்தியும் சொல்லிவைக்கிறேன். 1975 ஆகஸ்ட் 6-ந் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை தன் முதல் பக்கத்தில் ஒரு மரணச் செய்தி வெளியிட்டது. இறந்தவர் ஹெர்க்யூல் பாய்ரோ. அகதா கிறிஸ்டி தம் மூளையில் பெற்றெடுத்த துப்பறியும் நிபுணர். ரத்தமும் சதையுமாக ஒரு நாளும் உலவாத மனிதருக்கு அப்பேர்ப்பட்ட பத்திரிகை முதல் பக்கத்தில் இடம் கொடுத்தது. ரத்தமும் சதையுமாக வாழ்ந்த ஓர் அம்மாளுக்காக நாலு பேர் அழுதால் மட்டும் அது அற்பமாகிவிடுமா?

இனி, அழுகிறவர்களோடு என் சண்டை.

கண்ணீர் காய்வதற்கு முன்பே சிலர் கேட்ட கேள்வி இது: "ஒரே ஓர் எழுத்துத்தானே பாக்கி? யாராவது நல்ல எழுத்தாளராகப் பார்த்து எழுதி முடித்துவிடக் கூடாதா?"

கூடாது என்பது என் கட்சி. காரணம் எளிது. எழுதக் கூடாது என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தம் பெயரில் வேறொருவர் எழுத ஒரு நாளும் சம்மதியாதவர் அவர். சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் கதையை விற்க மறுத்தவர். ஹாலிவுட்டில் சுமார் 15 ஆண்டுகள் திரைக்கதை எழுதிக் கூட்டத்தோடு கூட்டமாக உழன்றவர் ஆகையால், பத்துப் பேர் கைவைத்தால் ஒரு கதை என்ன ஆகும் என்பதை நேரில் கண்டவர். பிள்ளைகள் விற்றால் பேயாக வந்து பிடித்துக்கொள்வேன் என்று பயமுறுத்திவைத்தவர்.

எதிர்க்கட்சி வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? மூன்று சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

முதல் சாட்சி ஷெர்லக் ஹோம்ஸ். 1893 டிசம்பரில் கானன் டாயில் அவரை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் கூச்சலிட்டார்கள்; சந்தாவை நிறுத்தினார்கள். கடைசியில் 1903-ல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார். "வாசகர் விருப்பம் வென்றதா இல்லையா?" என்கிறார்கள். வென்றது, வாஸ்தவம். ஆனால் மனத்தை மாற்றிக்கொண்டது யார்? உயிரோடு இருந்த டாயில். உயிருள்ளவரிடம் மன்றாடலாம், சண்டை பிடிக்கலாம், பணத்தாசை காட்டலாம். இறந்தவரால் மனத்தை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால்தான் அவர் கடைசியாகச் சொன்ன சொல்லுக்கு அவ்வளவு கனம்.

இரண்டாவது சாட்சி பிரான்ஸ் காப்கா. எல்லாவற்றையும் எரித்துவிடு என்று நண்பர் மாக்ஸ் பிராடிடம் எழுதிவைத்துவிட்டு அவர் 1924-ல் இறந்தார். பிராட் எரிக்கவில்லை, 1925-ல் 'விசாரணை' வெளிவந்தது. உலகம் பிராடை வாழ்த்துகிறது, நானும்தான் வாழ்த்துகிறேன். இது பலமான சாட்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிராட் என்ன செய்தார்? காப்கா எழுதியதைக் காப்பாற்றினார். காப்கா எழுதாத ஒரு நாவலைத் தாமே எழுதி அதைத் தொடர்ச்சி என்று அச்சிடவில்லை. கிராப்டன் இஸட் நாவலைப் பாதி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் நாமும் வாதாடலாம். காப்பாற்றுவதற்கு அங்கே ஒரு வரிகூட இல்லையே!

மூன்றாவது சாட்சி வியாபாரம். 2010-ல் ராபர்ட் பார்க்கர் இறந்தார். அவருடைய ஸ்பென்ஸர் கதைகளை வேறொருவர் தொடர்ந்தார். 2004-ல் ஸ்டீக் லார்ஸன் இறந்தார். 2015-ல் வேறொருவர் நான்காவது புத்தகம் எழுதினார். அகதா கிறிஸ்டி ஒருவர்தாம் முன்யோசனைக்காரர் என்று நினைத்தோம். யுத்த காலத்திலேயே பாய்ரோவின் மரணத்தை எழுதிப் பெட்டியில் பூட்டிவைத்து, 1975-ல் வெளியிட்டுவிட்டு, 1976 ஜனவரியில் கண்ணை மூடினார். 2014-ல் அந்தப் பாய்ரோவையே குடும்பத்தாரின் அனுமதியோடு வேறொரு கதாசிரியை மறுபடி நடக்கவைத்துவிட்டார். இவையெல்லாம் விற்றன. வாரிசுகளுக்குச் சட்டப்படி உரிமையும் உண்டு. நல்ல கைகளும் சில உண்டு. அதற்காக, வேண்டாம் என்று வாய் விட்டுச் சொன்ன ஒருத்தியின் வீட்டுக்குள்ளும் அதே சாவியைப் போடலாமா?

சாவி ஏற்கெனவே ஒரு கதவில் திரும்பிவிட்டது. 2021-ல் இந்த நாவல்களின் தொலைக்காட்சி உரிமையைக் குடும்பத்தார் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. இன்றைய தொலைக்காட்சி அந்த நாளைய தொலைக்காட்சி அல்ல என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் தரத்தைப் பற்றியா நிபந்தனை போட்டார்? விற்காதீர்கள் என்றல்லவா சொன்னார்! சட்டம் இதில் தலையிடாது. தலையிடக் கூடியவர்கள் வாசகர்கள் மட்டுமே. 'எங்களுக்கு வேண்டும், வேண்டும்' என்று அவர்கள் கை நீட்டிக்கொண்டே இருந்தால், விற்கிறவனைக் குறை சொல்லிப் பயனில்லை. நீட்டிய கையைப் பார்த்துத்தானே கடை திறக்கிறான்?

நாவல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லுகிறேன். எங்களுக்கு நிலபுலன் கிடையாது. எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இருப்பது ஒரு குரல். அதே பெயரும், அதே ஊரும், அதே கறுப்பு உடையும் வைத்து யாரும் ஒரு பொம்மை செய்துவிடலாம். அந்தக் குரலைச் செய்ய முடியாது. அதை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர்கள் இருபத்தைந்து நாவல் படித்தவர்கள்தாம். வேறொருவர் எழுதிய இஸட் நாவலின் முதல் பக்கத்திலேயே அவர்கள் மோசடியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். துப்பறியக் கற்றுக்கொடுத்தவரே அந்த அம்மாள் அல்லவா? அன்றைக்கு அவர்கள் அழப்போகிற அழுகை 2017-ல் அழுததைவிட மோசமாக இருக்கும். அதைப் பார்த்து நானும் சிரித்தாலும் சிரித்துவிடுவேன்.

ஆகவே, கிராப்டனின் அபிமானிகளே, நன்றாக அழுங்கள். உங்களைப் பார்த்துச் சிரிப்பவர்களை லட்சியம் செய்யாதீர்கள். அலமாரியில் ஒய் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் கொள்ளுகிற இடம் காலியாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அங்கே வேறு எதையும் கொண்டுவந்து செருகாதீர்கள். துணை வேண்டும் என்று தோன்றினால் வரிசையின் அந்தக் கோடிக்குப் போய், ஏ எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். அங்கே அவளுக்கு இன்னும் 32 வயதுதான்.