விண்ணைப் பேசிப் படிப்போம்

வானியல் என்றதும் நம்மில் பலருக்கு இராசிக் கட்டம்தான் நினைவுக்கு வருகிறது. மற்றவர்களோ, "அது இயற்பியல் மாணவர்களின் வேலை" என்று ஒதுங்கிக் கொள்கின்றனர். ஒரு நல்ல நூலும் நான்கு நண்பர்களும் இருந்தால் எவரும் அதைப் படிக்கத் தொடங்கலாம் என்பதே என் கருத்து.

கடந்த பருவத்தில் விடுதித் தோழர்கள் ஐவர், ஸ்டீபன் ஹாக்கிங் 1988-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலை வாரம் ஓர் அத்தியாயமாகப் படித்தோம். படித்தது ஆங்கிலத்தில், பேசியது தமிழில். பிரபஞ்சம் விரிவடைகிறது என்ற பகுதிக்கு எல்லாரும் தலையாட்டினோம். கணக்கியல் பயிலும் தோழி மட்டும், "எதற்குள் விரிவடைகிறது?" என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் வரவில்லை. ஆங்கிலச் சொல் தெரிந்திருப்பது வேறு, பொருள் புரிந்திருப்பது வேறு என்று அன்றுதான் உணர்ந்தோம்.

விடை தேடி மீண்டும் படித்தோம். ரொட்டி மாவு உப்பும்போது அதிலுள்ள உலர்ந்த திராட்சைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அவை தாமாக நகர்வதில்லை. இடையிலுள்ள மாவு பெருகுகிறது. தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் விலகுவதும் அப்படியே. ஆனால் மாவுக்கு ஓரம் உண்டு. பிரபஞ்சம் விரிவதற்கு வெளியே ஓர் இடம் தேவையில்லை.

அந்த விளக்கம் 'பெருவெடிப்பு' என்ற சொல்லையே சந்தேகிக்க வைத்தது. வெடிப்பு என்றால் ஓரிடத்தில் வெடித்துச் சிதறுவது. ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய விரிவோ எங்கும் நிகழ்ந்தது. 1949-இல் பிபிசி வானொலி உரையில் அதற்கு ஆங்கிலப் பெயர் தந்த ஃபிரெட் ஹாய்ல், அக்கொள்கையை ஏற்காதவர்! அப்பெயரைத்தான் நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். 'பெருவிரிவு' என்றால் பொருந்துமா? எங்கள் வாதம் இன்னும் முடியவில்லை.

அறிஞர்களின் வாதமும் முடியவில்லை. பிரபஞ்சத்தின் தொடக்ககால ஒளியைக் கொண்டு கணித்தால், சுமார் 33 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு வினாடிக்கு 67 கிலோமீட்டர் வீதம் விரிவு நிகழ்கிறது. அருகிலுள்ள விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் கொண்டு அளந்தால் 73 வருகிறது. எங்கே பிழை, அல்லது எந்த இயற்பியல் விடுபட்டுள்ளது என்பது இன்றும் திறந்த கேள்வி.

நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது எளிது. நாம் என்ன அறிந்தோம் என்று நண்பனுக்குத் தமிழில் விளக்குவது கடினம். தமிழில் அறிவியல் முடியாது என்பவர்களில் எத்தனை பேர் முயன்று பார்த்தார்கள்?

பட்டிமன்றத்துக்கு மாதக்கணக்கில் உழைக்கும் நம் கழகம், வாரத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். அறிவியல் துறைகளில் பணிபுரியும் முன்னாள் மாணவர்கள் வந்து எங்கள் பிழைகளைத் திருத்தலாம். மண்டபம் வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். ஒரு நூல், ஒரு மேசை, கேட்கத் தயங்காத ஒரு தோழி போதும்.