பெட்டி கண் விழிக்கவில்லை!

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன?

ஒரு காலத்தில் இதற்குப் பதில் சொல்வது சுலபம். "பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில், ஆல்பத்தில்" என்று சொல்லிவிடலாம். இப்போதோ பல வீடுகளில் அவை ஒரு சின்னப் பெட்டிக்குள் குடியேறிவிட்டன. வீட்டிலுள்ள போன்களும் கம்ப்யூட்டர்களும் தங்கள் படங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அந்தப் பெட்டிக்கு 'நாஸ்' என்று பெயர். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வெளியே மினுக்கும் சில விளக்குகள். ஒரு மூலையில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். திடீரென்று ஒரு நாள் கண் விழிக்காது. அன்றைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மதுரை சிம்மக்கல்லில் என் பெரியம்மா வீட்டுப் பெட்டிக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் வாங்கி வைத்தது. சித்திரை வெயிலில் ஒரு நாள் கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. மூன்றாம் முறை கரண்ட் வந்தது, பெட்டி வரவில்லை.

"ஏண்டி, பெட்டி செத்துப் போச்சுடி! உங்க பெரியப்பா அதுக்குள்ளதானே இருக்காரு!" என்று போனில் அழுதாள் பெரியம்மா.

பெரியப்பா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. பேரக் குழந்தைகளுக்கு அவர் சொன்ன கதைகள் அந்தப் பெட்டியில் இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிய பிறகு அதில் ஒன்றைப் போட்டுக் கேட்பாள். அதுதான் அவளுக்கு வாராந்தரத் தொடர்கதை.

அண்ணா நகரிலிருந்து வைகைப் பாலத்தைத் தாண்டி நான் போய்ச் சேர்ந்தபோது, அடுத்த வீட்டுப் பிள்ளை ஒரு டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தான். "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டது திரை. 'சரி' என்று சொல்ல அவன் விரல் போய்க்கொண்டிருந்தது!

"தம்பி, கையை எடு!" என்று நான் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

விஷயம் இதுதான். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் எழுதுகின்றன. சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு அதைப் படிக்கத் தெரியாது. தனக்குப் படிக்கத் தெரியாத ஏட்டை வெற்று ஏடு என்று நினைத்துக்கொண்டு, "துடைத்துத் தரட்டுமா?" என்று கேட்கிறது. நீங்கள் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பெட்டி விழிக்கவில்லை என்பதால் டிஸ்க் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வீடு பூட்டிக் கிடந்தால் உள்ளே இருக்கும் சாமான் களவு போய்விட்டதா என்ன?

அப்படியானால் என்ன செய்வது? முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். எந்த டிஸ்க் எந்தத் தட்டில் இருந்தது என்று 1, 2 என எழுதி ஒட்டுங்கள். பிறகு சந்தேகப்பட வேண்டியது, சுவரோரம் தொங்கும் அடாப்டரை. அதற்குள் இருக்கும் கெபாசிட்டர்களுக்குச் சூடு ஆகாது. பத்து டிகிரி உஷ்ணம் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் கணக்கு. மதுரை வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்! டிஸ்குகள் சுழல ஆரம்பிக்கும் நேரத்தில்தான் கரண்ட் அதிகம் வேண்டும். கிழட்டு அடாப்டர் அந்த ஒரு நொடியில் மூச்சு வாங்கிவிடும். விளக்கு மினுக்கும், விசிறி சுற்றி நிற்கும், அவ்வளவுதான்.

வேறு அடாப்டர் போட்டுப் பார்ப்பதானால் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதேயளவோ கூடுதலாகவோ இருக்கலாம். பின்னும் அதன் பிளஸ் மைனஸும் பொருந்த வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், டிஸ்குகளை எடுத்துவிட்டு வெறும் பெட்டியைப் போட்டுப் பாருங்கள். இப்போது விழித்தால், கோளாறு டிஸ்கில் இருக்கலாம். அப்போதும் விழிக்காவிட்டால், உள்ளே இருக்கும் மூன்று வோல்ட் பட்டன் பாட்டரி தீர்ந்திருக்கலாம். மெயின் போர்டே போயிருக்கவும் கூடும். இன்டெல்லின் ஆட்டம் சி2000 வகைச் சிப்புகள் சில வருஷ உழைப்புக்குப் பின் திடீரென்று நின்றுபோகக் கூடியவை என்பது 2017-ல் வெளிவந்தது. அவை சில நாஸ் பெட்டிகளிலும் இருந்தன. டிஸ்கே 'டக் டக்' என்று சத்தம் போட்டால் மட்டும் எந்தப் பரீட்சையும் வேண்டாம். அணைத்துவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ரிப்பேர் கடையில் எங்கள் அடாப்டரைச் சோதித்தார்கள். சும்மா இருக்கும்போது பன்னிரண்டு வோல்ட் காட்டியது. பாரம் ஏற்றியதும் ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. புது அடாப்டர் மாட்டினோம். 'பீப்' என்றது பெட்டி. பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. முன்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"இது என்ன, பெரியம்மா?"

"ராத்திரியெல்லாம் ஆரஞ்சு விளக்கு கண்ணைக் குத்துச்சுடி. அதான் போன தீபாவளிக்கு முன்னாலயே ஒட்டி வச்சேன்."

அந்த விளக்கு, "ஒரு டிஸ்க் போய்விட்டது" என்று மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது! பெரியப்பா மிச்சமிருந்த ஒற்றை டிஸ்கில் உயிரோடு இருந்தார். அதைத்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை துடைக்கப் பார்த்தான்!

"ரெண்டு டிஸ்க்ல இருந்தா ரெண்டு காப்பிதானேடி?" என்றாள் பெரியம்மா. இல்லை. ஒரு டிஸ்க் கெட்டால் மற்றது காப்பாற்றும், வாஸ்தவம். ஆனால் தவறிப் போய் ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழியும். இடி விழுந்தாலும் திருடன் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஓலைச் சுவடி காலத்திலேயே நம்மவர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஓலை நைந்து போகுமுன் புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். பெயர்த்து எழுதாத நூல்கள் எத்தனையோ செல்லரித்துப் போயின. 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்', பல தேசத்துத் தமிழர்களைக் கொண்டு பழைய நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இலவசமாக வழங்குகிறது. எத்தனையோ பேரிடம் நகல் இருப்பதால், ஒரு பெட்டி செத்தால் ஒரு நூலும் சாகாது.

அன்று இரவே, கெட்ட டிஸ்கை மாற்றுவதற்கும் முன்னால், எல்லாவற்றையும் ஒரு தனி டிஸ்கில் நகல் எடுத்தோம். இன்னொரு நகல் சிங்கப்பூர் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை பெரியப்பா வழக்கம்போல் கதை சொன்னார். நடுவில் ஒரு முறை இருமினார். அந்த இருமலையும் பெரியம்மா இன்னொரு தரம் போட்டுக் கேட்டாள்.

இந்தப் பக்கத்தைப் படித்ததும், அடுப்பில் ஒன்றும் இல்லையென்றால், உங்கள் வீட்டுப் பெட்டியை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். விளக்கு பச்சையா, ஆரஞ்சா? பொட்டு ஒட்டியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்!