அணிப் பட்டியலும் மெக்கானிக் சம்பளமும்

மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி வழியாக மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். 1990 முதல் அங்கே கார்கள் சீறுகின்றன. பிட்டில் கையெல்லாம் கிரீஸோடு டயர் கழற்றி மாட்டும் பையன்களுக்கு, அடுத்த சீசனில் எந்த அணி இறங்கும் என்பதே பிழைப்பு.

கோவையைச் சேர்ந்த ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனுக்கே அணி இல்லாமல் போகும் நிலை வந்தது. 2012 நவம்பர் 30 அன்று வெளியான, அடுத்த சீசனுக்கான ஃபார்முலா 1 அணிப் பட்டியலில் அவர் கார் ஓட்டிய எச்ஆர்டி அணி இல்லை. அவர் பெயராவது செய்தியில் வந்தது. மெக்கானிக்குகளை யார் விசாரித்தார்கள்?

பந்தயமே தள்ளிப்போனாலும் இவர்கள் பிழைப்புதான் அடிபடும். 2023 டிசம்பர் சென்னைத் தெருப் பந்தயம் மிக்ஜாம் புயலால் 2024 ஆகஸ்ட் இறுதிக்குத் தள்ளிப்போனது. புயலைத் தடுக்க முடியாது. ஆனால் அணிகளின் பண பலத்தை முன்பே சோதிக்கலாம். ஊழியரின் சீசன் சம்பளத்தை வைப்புத்தொகையாகக் கட்டிய அணியை மட்டுமே அமைப்பாளர்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும்.